அது அந்தச் ‘செரிங்க’ இல்லைங்க

“வரிசை எண் ஒன்று. ப. சாந்தாமணி. கதவு எண் பதினாலு. சம்மதம்.”

பேனா மூடியால் வரியைத் தொட்டுக்கொண்டே அந்த ஆபீசரம்மா படித்தார். ப. சாந்தாமணி என்பது நான். கதவு எண் பதினாலு என் ஜெராக்ஸ் கடை. ‘சம்மதம்’ என்பது மட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்ட அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் போயிருந்தோம். மற்ற பதினேழு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் செருப்புக்குள் கால்விரலை மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன்.

எதற்குப் போயிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முனையில், மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி, ஒரு பெரிய விளம்பரப் போர்டு வரப்போகிறது. நான்கு இரும்புத் தூணுக்குக் குழி எடுத்தாகிவிட்டது. ‘ஊருக்குள் எங்கே போர்டு வைப்பதானாலும் அங்கே குடியிருக்கிறவர்களைக் கூட்டி, கேட்டு, அதற்குப் பிறகு வையுங்கள்’ என்று மனு கொடுத்திருந்தோம். ‘எங்களை யாரும் கேட்கவில்லை’ என்பதுதான் அந்த மனுவின் முதல் வரி. எழுதியது நான்.

“உங்களைக் கேட்டிருக்காங்களேம்மா,” என்றார் ஆபீசரம்மா. “இருபத்தோரு வீடு. இருபத்தோரு சம்மதம். எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு.”

வரிசை எண் இரண்டு, மாவு மில் நல்லசாமி. சம்மதம். மூன்று, மெஸ் ராசம்மாள். சம்மதம். ஒன்பதாவதாகத் தங்கமணி என்ற பெயரைப் படித்தார். அதுவும் சம்மதம்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் போர்டு மறைக்கப்போவது அவள் வீட்டுச் சன்னலைத்தான்.

முப்பது காப்பி

அந்தக் காகிதம் என் மிஷினில்தான் பிறந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். மற்ற படிப்பெல்லாம் மிஷின் கண்ணாடியில் குப்புற விழுந்த காகிதங்களைப் படித்து வந்தது. பட்டா, பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு, ஜாதகம், கோர்ட்டு நோட்டீசு. ‘மேற்படி’, ‘வகையறா’, ‘அனுபவ பாத்தியதை’ எல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அல்ல. மூடியைத் திறந்து காகிதத்தைத் திருப்பிப் போடும் அந்த ஒரு நொடியில் பொறுக்கியவை.

காப்பி சரியாக விழாத தாள்களின் பின்பக்கம் வீணாகப் போவதில்லை. ஜனங்கள் பேசுவதை அதில் எழுதி வைப்பேன். ஒரு சித்திரை மாதம் ராசம்மாக்கா கடைக்குள் வந்து விசிறியடியில் நின்றபடி, “இன்னைக்குச் சூரியன் வாடகைக்கு வந்தவனாட்ட இல்ல சாந்தா, சொந்த ஊட்டுக்காரனாட்டம் வந்து உக்காந்துக்கிச்சு” என்றாள். மில் நல்லசாமியண்ணன் ஒருநாள் சொன்னது: “மில்லு பெல்ட்டும் நானும் ஒரே வயசு. அது அறுந்தா மாத்திக்கலாம்.” இந்தப் பத்திரிகையில் இந்தத் தொடரை வாராவாரம் என்னால் எழுத முடிகிறதென்றால் அந்தத் தாள்கள்தான் காரணம்.

இப்படி ஊர்க் காகிதத்தையெல்லாம் படிக்கிறவள், அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். போர்டு ஏஜென்சியிலிருந்து பிரகாஷ் என்பவர் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கடலூர்ப் பக்கத்துக்காரர். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது.

“அக்கா, இது முப்பது காப்பி போடுங்க.”

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு ஓடியது. எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, பெண்டாட்டி ஊர் எது, எல்லாம் கேட்டேன். கேட்காமல் எனக்குக் கை ஓடாது. அவரும் நன்றாகத்தான் பேசினார். நடுவில், “இந்த முனையில ஒரு போர்டு வைக்கிறோம்கா. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்றார்.

“செரிங்க தம்பி,” என்றேன். கண் தாள் சிக்குகிறதா என்பதில் இருந்தது.

“அப்ப நான் வந்து போனதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா.”

முதலில் விழுந்த காப்பி இன்னும் சூடு ஆறவில்லை. அதிலேயே போட்டேன்.

ஏழு செரி

வேறு ஜில்லாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘செரிங்க’ என்றால் ‘சரி’ என்று அர்த்தம் இல்லை.

நீங்கள் பேசினீர்கள், என் காதில் விழுந்தது என்று அர்த்தம். வெயிலில் வந்திருக்கிறீர்கள், உங்கள் முகத்தை வாடவைக்க எனக்கு மனசில்லை என்று அர்த்தம். அடுப்பில் பால் இருக்கிறது, நீங்கள் கிளம்பினால் நல்லது என்றும் அர்த்தம். எடப்பாடியில் இருக்கும் என் தங்கச்சியும் நானும் போனை வைக்க வேண்டுமானால் அதற்கு ஏழு செரி வேண்டும். “செரி.” “செரி செரி.” “செரி வெச்சிர்றேன்.” “செரி புள்ள.” ஏழாவதுக்குப் பிறகும் ஒரு விஷயம் ஞாபகம் வந்து முதலிலிருந்து ஆரம்பித்த நாட்களும் உண்டு.

என்னையே ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்து, காப்பி குடித்து, மைசூர்பாகு தின்று, படியிறங்கும்போது என் அப்பாவிடம் “செரிங்க மாமா” என்றார்கள். அந்தச் செரியில் சம்மதம் இல்லை என்பது தெருமுனை நாய்க்கும் தெரிந்தது. அப்பா மறுநாளே வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பிரகாஷுக்கு அது தெரியாது. அவர் ஊரில் சரி என்றால் சரிதான். வீடு வீடாகப் போனார். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் செரிங்க என்றார்கள். வந்து போனதற்குக் கையெழுத்தும் போட்டார்கள். பக்கத்தில் ‘கருத்து’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை அவரே நிரப்பிக்கொண்டார்.

கோழிகளுக்கு முன்னால் என் முகம்

போர்டு என்றாலே நான் மூக்கைச் சுளிக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகனுக்குக் காது குத்தியபோது தெரு அடைக்க ஃபிளெக்ஸ் வைத்தவள் நான். நடுவில் மகன், இரண்டு பக்கமும் நானும் வீட்டுக்காரரும், மேலே மாமன்மார்கள் வரிசையாக வெள்ளைச் சட்டையில். என் முகத்தைப் போட்டோ கடைக்காரர் எவ்வளவு வெளுப்பாக்கியிருந்தார் என்றால், என் மாமியாரே, “இது யாரு, நர்சம்மாவா?” என்று கேட்டார்.

அது மூன்று நாள் ராசம்மாக்கா மெஸ் வாசலை மறைத்தது. மூன்றாம் நாள் அவள் வந்தாள்.

“ஏம்புள்ள, உம்பட மொகத்தச் சுத்திக்கிட்டு வந்துதான் எம்பட மெஸ்ஸுல சனம் சோறு திங்குது. இன்னும் எத்தன நாளைக்கு?”

“எடுத்தர்றனுங்கக்கா.”

“எடு. ஆனா நல்லாத்தான் இருக்கற அதுல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஃபிளெக்சை என் சித்தப்பா மகன் மோகனூர்ப் பக்கம் தன் கோழிப்பண்ணைக்கு எடுத்துப் போனான். சாரலும் வெயிலும் உள்ளே அடிக்காமல் இருக்கப் பண்ணைக்காரர்கள் பக்கவாட்டில் இப்படித்தான் பழைய ஃபிளெக்சைத் திரையாகக் கட்டுவார்கள். முட்டை வாங்கப் போனபோது பார்த்தேன். ஆயிரம் கோழிகள் என் முகத்தைப் பார்த்தபடி தீவனம் கொத்திக்கொண்டிருந்தன.

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வைக்கும்போது தெருவில் ஒரு ஆளைக் கேட்டாயா சாந்தாமணி என்று என் மனசு அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை.

ஒரு சன்னல்

தங்கமணி அக்கா குடியிருப்பது முனை வீட்டு மாடியில். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு, வெளியே இரும்புப் படி. வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு காலி மனை. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். அந்த மனையில்தான் போர்டு. தூண் நட்டுத் தகரம் அடித்தால், அதன் முதுகு அக்கா வீட்டுச் சன்னலுக்கு இரண்டு கை தூரத்தில் வந்து நிற்கும்.

அவள் வீட்டுக்காரர் குழந்தைவேல் அண்ணன் லாரி டிரைவர். வடக்கு லைனில் ஓடியவர். நாக்பூர், இந்தூர் என்றெல்லாம் பக்கத்துத் தெரு மாதிரிப் பேசுவார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு வார்த்தை வருவதற்குள் நெற்றி வேர்த்துவிடும்.

அக்கா அவர் கட்டிலைச் சன்னலைப் பார்த்துப் போட்டாள். தலை கதவுப் பக்கம், கால் சன்னல் பக்கம். கண்ணைத் திறந்தால் மெயின் ரோட்டு வளைவு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், முட்டை லாரிகள், டேங்கர்கள் எல்லாம் அந்த வளைவில் கியர் மாற்றும்.

ஒவ்வொரு வண்டி உறுமும்போதும் அண்ணன் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும்.

“பாத்தியா சாந்தா, லாரி போனா எப்படிக் குசியாவறாருன்னு,” என்பாள் அக்கா.

“அவரு போன ரோடாச்சேக்கா,” என்பேன் நான். “மனசுல இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கறாரு.”

நல்லசாமியண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், “சத்தத்த வெச்சே எத்தன டயரு வண்டின்னு சொல்லுவாப்ல,” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் நம்பினோம்.

குழி

ஒரு காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், காலி மனையில் நான்கு குழி. ஆள் உயரம். அப்போதுதான் எவ்வளவு பெரிய போர்டு, எங்கே நிற்கும் என்று எங்கள் தலையில் ஏறியது. பிரகாஷ் ‘முனையில’ என்று சொன்னபோது, ரோட்டோரம் ஒரு கம்பத்தில் ஏதோ தொங்கும் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா வீட்டுக்கும் அவர் போயிருக்கிறார். இரும்புப் படியின் அடியிலேயே நின்று கூப்பிட்டிருக்கிறார். மாவுக் கையோடு இறங்கி வந்த அக்கா, செரிங்க சொல்லி, முழங்கையால் காகிதத்தை அமுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மேலே ஏறிச் சன்னலைப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைக்கும் குழிக்கும் நடப்பேன். ஒரு காப்பி போடுவேன், எட்டிப் பார்ப்பேன். தூண் இறக்கிவிட்டார்களா, சிமெண்டு வந்துவிட்டதா. பட்டா ஒருவருக்கு, ஜாதகம் ஒருவருக்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். பட்டாவோடு வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து, “ஏனுங்க, எனக்கு ராசி எண்ணுன்னு பாத்தா சர்வே நம்பரு இருக்குதுங்க,” என்றார்.

மழை பெய்து குழிகளில் செம்மண் தண்ணீர் நின்றது. அதில் வானம் தெரிந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு ஆகவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றோம். எனக்கு எழுதத் தெரிந்த எல்லா வார்த்தையையும் அந்த மனுவில் போட்டிருந்தேன், ‘மேற்படி’ நாலு இடத்தில். வாங்கிக்கொண்டார்கள். சில நாளில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

“பாக்கலாமுங்க”

அந்த விசாரணையில்தான் வரிசை எண் ஒன்று, ப. சாந்தாமணி, சம்மதம்.

ஆபீசரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறு மாதமோ என்னவோதான் இங்கே வந்து. கோபக்காரர் இல்லை. குழம்பிப்போயிருந்தார்.

“கையெழுத்து உங்களதுதானே? அப்ப ஏன் கேக்கலன்னு மனு எழுதுதிய?”

நல்லசாமியண்ணன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அதுங்க... தம்பி வெயில்ல வந்தாப்லைங்க. தண்ணி குடுத்தனுங்க. போர்டுன்னாப்லைங்க. செரின்னனுங்க. அது அந்தச் செரிங்க இல்லைங்க.”

“எந்தச் சரி?”

“கேட்டுக்கிட்டேங்கற செரிங்க.”

“அப்ப சம்மதம்ங்கிற சரி எது?”

அண்ணன் யோசித்தார். “அது ‘ஆகட்டுங்க’ன்னு வருமுங்க. ஆனா அதும் ஒரொரு சமயம்...” என்று நிறுத்தி, துண்டை மறுபடி தோளில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராசம்மாக்கா எழுந்தாள். “மேடம், நான் சொல்றனுங்க. நாங்க வேண்டாங்கறதுன்னா ‘பாக்கலாமுங்க’ன்னு சொல்லுவமுங்க.”

“பாக்கலாம்னா வேண்டாமா?”

“ஆமாங்க.”

“அப்ப வேண்டாம்னு வாயால சொல்லவே மாட்டியளா?”

“அதுங்களா? அது சண்டைங்க.”

அறையே சிரித்தது. ஓரத்தில் பைலோடு நின்ற பிரகாஷும் சிரித்துவிட்டார். ஆபீசரம்மா சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்தார். ஒரே ஆள் சிரிக்கவில்லை. தங்கமணி அக்கா விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணுகிறவள் போல இருந்தாள்.

“இங்க பாருங்க,” என்றார் ஆபீசரம்மா. “எனக்கு வேண்டாம்ங்கிற எழுத்து வேணும். அவரு முன்னாடி, என் முன்னாடி, சம்மதம் இல்லன்னு ஒவ்வொருத்தரா சொல்லணும். சுத்தி வளைக்காம. சொன்னா எழுதிக்கிடுதேன். வரிசை எண் ஒன்று?”

நான் எழுந்தேன். பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். பிரகாஷ் என்னைப் பார்த்தார். பெண்டாட்டி ஊரெல்லாம் கேட்டு வைத்திருக்கிறேனே, பாவி. அவர் பெண்டாட்டிக்கு அது ஐந்தாம் மாதம் என்பதுகூட எனக்குத் தெரியும்.

“எனக்குச் சம்மதம் இல்லை,” என்றேன்.

கடைசியில் ‘ங்க’ போடவில்லை. போட்டிருந்தால் அது மறுபடியும் எங்கள் பேச்சாகிவிடும் என்று ஒரு பயம். ஐம்பது வயதில், ஒரு அதிகாரி முன்னால், ‘ங்க’ இல்லாமல் நான் முடித்த முதல் வாக்கியம் அது. ஏதோ துணி நழுவிய மாதிரி இருந்தது.

எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நல்லசாமியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ராசம்மாக்கா சொல்லிவிட்டு, பிரகாஷைப் பார்த்து, “கோவிச்சுக்காத சாமி, மத்தியானம் மெஸ்ஸுக்கு வந்துட்டுப் போ,” என்றாள்.

தங்கமணி அக்காவின் முறை வந்தபோது அவளால் முடியவில்லை. அழுகைதான் வந்தது. நான் அவளுக்காகப் பேசினேன். லாரி, வடக்கு லைன், கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு இந்தச் சன்னல்தான் உலகம், ஒவ்வொரு வண்டிக்கும் கம்பியைத் தட்டுகிற சந்தோஷம், எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

ஆபீசரம்மா பைலை மூடினார். “நானே வந்து பாக்குதேன்.”

மாடிப்படி

போர்டு என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். அது வரவில்லை. சில வாரத்தில் குழிகளை மூடிவிட்டுப் போனார்கள். ஊருக்குள் இனி எங்கே போர்டு வைத்தாலும் ஜனங்களைக் கூட்டிக் கேட்பார்களா என்ற எங்கள் பெரிய கேள்விக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரிப் பதில் இருக்கிறது. மற்ற தெருக்காரர்களும் சேர்ந்து இப்போது அதற்கு நடந்துகொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் நான் சொல்ல உட்கார்ந்தது அதை அல்ல. ஆபீசரம்மா வந்த அந்தச் சாயங்காலத்தை.

இரும்புப் படி ஒவ்வொரு காலுக்கும் ஒரு சத்தம் போட்டது. முன்னால் ஆபீசரம்மா, பின்னால் பிரகாஷ், நான், நல்லசாமியண்ணன். உள்ளே தைல வாசனை. எல்லோரும் அண்ணனின் தலைமாட்டுப் பக்கம் நுழைந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு முன்னால் நின்றோம். அக்கா அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி,” என்று ஆபீசரம்மா குனிந்தார். “முன்னால ஒரு போர்டு வைக்கணும்ங்காங்க. உங்களுக்குச் சம்மதமா?”

“அவருக்கு இந்தச் சன்னல்தானுங்க உசுரு,” என்றாள் அக்கா.

“லாரியப் பாத்துக்கிட்டே இருப்பாருங்க மேடம்,” என்றேன் நான். “அதும் டேங்கருன்னா...”

ஆபீசரம்மா கையைத் தூக்கினார். “நீங்க ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க. அவங்க சொல்லட்டும்.”

நாங்கள் சும்மா இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே ஒரு பஸ் ஆளை இறக்கி, ஏற்றி, கிளம்பியே போய்விட்டது. அண்ணன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்த வீட்டில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“போ...ர்டு. வேண்டா.”

எனக்கு மூச்சு வந்தது. “பாருங்க மேடம்,” என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“காரணம் எழுதணும் அண்ணாச்சி. சன்னல் மறைஞ்சிரும், லாரி தெரியாதுன்னு எழுதிக்கிடவா?”

அண்ணன் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

“லாரி... வேண்டா.”

“வேண்டாமா?”

“சத்தம்.” மூச்சு வாங்கினார். “ரெண்டு... வருசம்.”

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஏனுங்க, நீங்கதானுங்க ஒவ்வொரு லாரிக்கும் கம்பியத் தட்டுவீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. சொல்லி முடிக்க வேண்டுமே என்ற அவசரம்தான் இருந்தது.

“கட்டில... திருப்...பச் சொல்லி.”

இரண்டு வருஷம். ஒவ்வொரு தட்டலுக்கும் நாங்கள் ஒரு அர்த்தம் சொன்னோம். அவர் ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் அக்கா ஒன்றும், நான் மூன்றும் சொல்லி முடித்துவிடுவோம். விசாரணையில் நான் பேசிய பேச்சுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சினாரே, அந்த மூக்கை நினைத்துக்கொண்டேன்.

ஆபீசரம்மா பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி மெதுவாகக் கேட்டார். “அப்ப காரணம்னு என்ன எழுதட்டும்?”

“கேக்கல,” என்றார் அண்ணன். இது உடனே வந்தது. பிறகு, “என்னய... யாரும்... கேக்கல.”

பிரகாஷ் தலை குனிந்துகொண்டார். தன்னைச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். தம்பி, உங்களை மட்டும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போனால் இதை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.

ஆபீசரம்மா எழுதியதைப் படித்துக் காட்டினார். “சம்மதம் இல்லை. காரணம்: என்னைக் கேட்கவில்லை.” அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒரு பெயர் போட அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாரும் அவர் கையைப் பிடித்து உதவப் போகவில்லை.

அவர்கள் இறங்கிப் போன பிறகு, நல்லசாமியண்ணன் கால்மாட்டில் கட்டிலைப் பிடித்தார். நான் தலைமாட்டில் பிடித்தேன். இரண்டு வருஷமாக நகராத கட்டில். கால்கள் சிமெண்டில் வட்டமாகத் தடம் பதித்திருந்தன.

அக்கா அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“எந்தப் பக்கம் திருப்பட்டுங்க?”

கதவுப் பக்கம்தான் இருக்கும். படியேறி வருகிற ஆட்களைப் பார்க்க ஆசை இருக்கும். இல்லையென்றால் அடுப்புப் பக்கம், அக்காவைப் பார்க்க. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் கடித்துப் பிடித்தேன். நல்லசாமியண்ணன் பாதி குனிந்த முதுகோடு அப்படியே நின்றார்.

அண்ணனின் உதடு முதல் எழுத்தைத் தேடியது. நாங்கள் கட்டிலைப் பிடித்தபடி நின்றோம்.